கத்துகிறவர்களை என்னிடம் அனுப்புவார்கள்

எங்கள் கிளையில் யாராவது குரலை உயர்த்தினால் மற்ற கவுன்டர்களில் இருப்பவர்கள் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். “அந்த மேடத்துக்கிட்ட போங்க, அவங்க சொல்லுவாங்க.” அவர் என்னை நோக்கி வருவதற்குள், எனக்கும் கேட்கிற மாதிரி, “அக்காவுக்குத்தான் பொறுமை” என்று ஒரு சான்றிதழும் வந்துவிடும். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் கிளை அது. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன.

இந்தப் பொறுமைப் பட்டத்தை நானே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அப்பா நெல் தரகர். விடிவதற்கு முன்பே திண்ணையில் ஆட்கள் வந்துவிடுவார்கள். விலை பேசுவது, ஈரப்பதம் பற்றிச் சண்டை, லாரி வரவில்லை என்று திட்டு, எல்லாமே உச்ச ஸ்தாயியில்தான். காபி வேண்டும் என்பதைக்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கும்படிதான் சொல்வார். கத்தி முடித்த கையோடு வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, எதிராளியின் மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பார். எங்கள் வீட்டில் சத்தத்துக்கு அர்த்தமே கிடையாது. அம்மா பேசாமல் அடுப்படியில் நின்றால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று நாங்கள் பயப்படுவோம். அப்படி வளர்ந்தவளிடம் வந்து, “எங்க வரிப்பணத்துலதானே சம்பளம் வாங்குறீங்க” என்று ஒருவர் கவுன்டரைத் தட்டினால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பாஸ்புக்கை வாங்கி என்ட்ரி போட்டுக் கொடுப்பேன்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து, மாதத்தின் பதினைந்தாம் தேதியை ஒட்டி எங்கள் வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகும். ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் அச்சாகிப் பார்த்தால்தான் பாதிப் பேருக்கு நிம்மதி. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற பழைய அபராதம் எதுவாவது அந்த ஆயிரத்தில் கை வைத்திருந்தால் அன்றைக்குத் தொலைந்தோம். “ஸ்டாலின் கொடுத்த காசை நீங்க யாரு புடிக்கிறதுக்கு?” என்று ஒரு அம்மா கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? கேள்வி நியாயமானது. திட்டு வாங்கிக்கொண்டே விண்ணப்பம் எழுதி மேனேஜரிடம் அனுப்புவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மாவின் முகம்கூட நினைவில் இருக்காது.

ஆக, கிளை முழுக்கக் ‘கஷ்டமான ஆள்’ என்று பெயர் வாங்கியவர்கள் எனக்குக் கஷ்டமானவர்கள் இல்லை. எனக்குக் கஷ்டமானவர், எல்லோருக்கும் பிடித்த ஒருவர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பென்ஷன் எடுக்க மாதத் தொடக்கத்தில் வருவார். குடை, துணிப்பை, சட்டைப் பையில் சொந்தப் பேனா. வரிசையில் யாரையும் முந்த மாட்டார். ஆயுத பூஜைக்குத் தோட்டத்துக் கொய்யாவைப் பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பார். என் கவுன்டருக்கு வந்தால் மட்டும் ஏதாவது ஒன்று அவர் கண்ணில் படும். “அம்மா, இந்த ஏழு ஒன்னு மாதிரி விழுந்திருக்கு பாருங்க. அவசரத்துல எழுதியிருப்பீங்க.” அவ்வளவுதான் சொல்வார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குக் காது மடல் சுட ஆரம்பித்துவிடும். “சரிங்கய்யா” என்று திருத்திக் கொடுப்பேன். அடுத்து வரும் நாலைந்து பேருக்கு என்னிடமிருந்து முழு வாக்கியம் கிடைக்காது. இரவு வெங்காயம் நறுக்கும்போது அவரோடு மனசுக்குள் வாதம் நடக்கும். அந்த வாதத்தில் நான் பிரமாதமாகப் பேசுவேன்.

மேஜையைத் தட்டியவர் மறந்துபோகிறார், ஏழு என்ற எண்ணைத் திருத்தியவர் இரவு வரைக்கும் கூடவே வருகிறார். இந்தக் கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்றுதான் முதன்முதலில் கவனிக்கத் தொடங்கினேன். வீணான சலான்களின் பின்பக்கம் எழுதிவைக்கிற பழக்கம் அப்படி வந்தது. யார் மேல் கோபம், அவர் சரியாக என்ன வார்த்தை சொன்னார், உடம்பில் எங்கே சுட்டது. இவ்வளவுதான். டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். எழுதி, படித்து, கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஆசிரியர் விஷயத்தில் சலானில் திரும்பத் திரும்ப வந்தது ‘அவசரத்துல’ என்ற சொல். எண்ணைத் திருத்தியது எனக்கு வலிக்கவில்லை. நான் கவனமில்லாதவள் என்று அவர் முடிவு கட்டிவிட்டதாக எனக்குப் பட்டதுதான் வலித்தது. அதற்கும் அவர் பொறுப்பில்லை. நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி வந்தவள். முதல் கிளையில் என்னைச் சுற்றி எல்லோரும் பி.காம்., கணிதம். ஹெட் கேஷியர் ஒருவர், “தமிழ் படிச்ச பொண்ணு, கேஷை ஒன்னுக்கு ரெண்டு தடவை எண்ணச் சொல்லுங்க” என்று கேலியாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கேஷ் குறைந்தால் கேஷியர் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அதனால் எல்லோருமே கவனமாகத்தான் எண்ணுவார்கள். நான் அதற்கு மேல் ஒரு தடவை எண்ணுவேன், இன்றைக்கும். அந்தப் பழைய கேலிக்கு நான் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஐயா பாவம், அது நடக்கிறதென்று அறியாமல் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

கல்லூரியில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உணர்ச்சிகளைப் பற்றிய பகுதி, எங்களுக்குப் பாடம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்கள். வெகுளிக்குச் சொல்லியிருப்பவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்வது, வைவதும் அடிப்பதும், கொல்வது. வகுப்பில் நாங்கள் சிரித்தோம். கையை வெட்டினால்தான் கோபம் வருமாம், பஸ் லேட்டாக வந்தால் என்ன கணக்கு என்று. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை கொலையை உயிர்க்கொலையோடு நிறுத்தவில்லை. ஒருவருடைய அறிவையும் புகழையும் கொன்று பேசுவதை அதில் சேர்க்கிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. பல வருடம் கழித்துக் கவுன்டரில் காது சுட உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அது உறைத்தது. உரையாசிரியர் ஆளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். என்னை ஒன்றும் தெரியாதவள் என்று யாராவது நினைத்துவிட்டால், எனக்கு அது கொலைதான். ஐயா கொலையாளி இல்லை என்பது வேறு விஷயம்.

இது தெரிந்தபிறகு அவரிடம் ஒரு நாள், “ஐயா, நானும் தமிழ்தான் படிச்சேன்” என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளுக்குள் ஏதோ ஒரு பாராட்டை எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா! அப்ப கையெழுத்து இன்னும் நல்லா இருக்கணுமேம்மா” என்றார். காது சுட்டது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. பக்கத்துக் கவுன்டர்ப் பெண் என்ன ஆச்சு அக்கா என்று எட்டிப் பார்த்தாள்.

ஐயா கதை லேசானது. 2016 நவம்பரில் நான் தெரிந்துகொண்டது அப்படி இல்லை.

நவம்பர் 8 இரவு, பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. 9ஆம் தேதி வங்கிகள் மூடியிருந்தன. 10ஆம் தேதி காலை ஷட்டரைத் தூக்கும்போது, முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து எங்கள் காவலாளி ஒரு நிமிடம் உள்ளேயே திரும்பி வந்துவிட்டார். முதலில் ஒருவருக்கு 4,000 ரூபாய் வரை மாற்றலாம் என்றார்கள். 14ஆம் தேதியிலிருந்து 4,500. 18ஆம் தேதியிலிருந்து அதை 2,000 ஆகக் குறைத்தார்கள். ஒருவரே திரும்பத் திரும்ப வராமலிருக்க விரலில் மை. 24ஆம் தேதியோடு கவுன்டரில் மாற்றுவதே நின்றது. காலையில் ஒன்று சொல்லி அனுப்பிய ஆளிடம் மறுநாள் வேறொன்று சொல்ல வேண்டும். எங்களுக்குச் சாப்பாடு கவுன்டரிலேயே.

2,000 ஆகக் குறைத்த பிறகு ஒரு நாள், ஒரு பாட்டி வந்தார். வயல் வேலை செய்த கை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்துப் பிரித்தார். எல்லாம் ஐந்நூறு, நடுவில் ஓரிரண்டு ஆயிரம். உளுந்து வாசம் அடித்தது. டப்பாவில் போட்டு வைத்திருந்த சிறுவாட்டுக் காசு. மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தது. ரெண்டாயிரம்தான் மாற்ற முடியும் பாட்டி, மீதியை உங்கள் கணக்கில் போடுங்கள் என்றேன். நூறு நாள் வேலைக் கணக்கு எங்கள் கிளையிலேயே இருந்தது. “பாஸ்புக்கு மவன்கிட்ட இருக்கு. அவனுக்குத் தெரிஞ்சா குடிச்சுப்புடுவான்.” அப்புறம் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, “நீ உன் கணக்குல போட்டுக்க தங்கச்சி. பொறவு வந்து வாங்கிக்கிறேன்” என்றார்.

அது முடியாது. அடுத்தவர் பணத்தை எங்கள் கணக்கில் போட்டால் வேலை போகும். அதைச் சொல்லியிருக்க வேண்டியதுதான். என் வாயிலிருந்து வந்தது வேறு. “இவ்வளவையும் எதுக்குப் பாட்டி ஒளிச்சு ஒளிச்சு வச்சீங்க? அப்பவே பேங்க்ல போட்டிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?” ஹால் முழுக்கக் கேட்டது. அப்பாவின் குரல் எனக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாட்டி கோபப்படவில்லை. “பின்ன எங்க வைக்கிறது?” என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். நான் பதில் சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

ரெண்டாயிரத்தை மாற்றிக் கொடுத்தேன். விரலில் மை வைத்தேன். மீதியை அஞ்சலகத்தில் புதுக் கணக்குத் தொடங்கிப் போடச் சொல்லி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். போய்விட்டார். அதே வரிசையில் அவருக்கு இரண்டு பேர் தள்ளி நின்றவர், கடைப் பையன்களை ஆளுக்கொரு அடையாள அட்டையோடு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய வியாபாரி. “சீக்கிரம் பாருங்க, எங்களுக்கு வேற வேலை இல்லையா” என்று அவர் கத்தினார். அவரிடம் நான், “ரெண்டே நிமிஷம் சார்” என்றேன். சார் வேறு.

சினம் செல்லுகிற இடத்தில், அதாவது நம்மைவிட எளியவரிடத்தில், அடக்குகிறவனே அடக்குகிறவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று வெகுளாமை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குகிறார். பத்து மார்க்குக்குப் பதவுரை எழுதியவள் நான். அக்காவுக்குத்தான் பொறுமை என்று எல்லோரும் சொன்னதன் விலை, அந்த வரிசையில் எனக்குத் தெரிந்தது.

ஆனால் எளியவர்மேல் பாய்கிற குணம் என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் அது பாதிதான். எளியவர்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வருவதில்லை. சலான் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு நாளெல்லாம் எழுதித் தருவேன், ஒரு எரிச்சலும் இருக்காது. பாட்டியிடம் என்ன வந்தது? பல சலான்களைப் பார்த்த பிறகுதான் ஒரு வரிசை பிடிபட்டது. விரல் ரேகை தேய்ந்துபோய் ஆயுள் சான்றிதழ் மெஷினில் பதியாத பெரியவர்; பழைய நகைக்கடன் ரசீதைத் தொலைத்துவிட்டு அழுத பெண்; கஜா புயலுக்குப் பிறகு, விழுந்த தென்னை ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லிவிட்டுக் கடனைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்ட விவசாயி. இவர்களிடமெல்லாம் நான் வள்ளென்று விழுந்திருக்கிறேன். எல்லோரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. செய்ய முடியாதபோது எனக்கு வருவது துக்கம். அது வெளியே வரும்போது கோபமாக வருகிறது, கேட்டவர்மேலேயே வருகிறது.

வீட்டிலும் இதே கதைதான். அம்மாவுக்கு மூட்டுவலி. “வலிக்குதுடி” என்று சொன்னால் போதும், “டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா வர்றியா?” என்று எரிந்து விழுவேன். என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள். அவளுக்கும் வலியைப் போக்கத் தெரியாது. முடியவில்லை என்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதெல்லாம், எனக்கு எரிச்சல் கிளம்பும்போது எதிரில் இருப்பவர் என்னைவிட இளைத்தவராக இருந்தால், இதில் என்னால் முடியாதது எது என்று முதலில் பார்க்கிறேன். பார்த்து, அதையே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். “இது என்னால முடியாதுங்கம்மா.” சொன்னதும் பாதிச் சூடு இறங்கிவிடுகிறது. கேட்கிறவர்களுக்கும் கத்தலைவிட இது புரிகிறது.

அடுத்தது என் பக்கத்துக் கவுன்டர்ப் பெண். மேலே எட்டிப் பார்த்தாளே, அவள்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். சரியாக ஐந்து மணிக்குப் பையை எடுத்துவிடுவாள். மேனேஜர் வந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு கேம்ப் இருக்கிறது என்பார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு லெட்ஜரில் எதையோ தேடுவோம். அவள் நிமிர்ந்து பார்த்து, “சாரி சார், என்னால வர முடியாது” என்பாள். காரணம் சொல்ல மாட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்குத் திதி என்று எதையாவது சேர்த்துச் சொன்னால்கூட எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். காரணமே இல்லாமல் மறுப்பாள். மேனேஜரும், “ஓகே” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.

மதியச் சாப்பாட்டு மேஜையில் அவள் இல்லாத நாட்களில் அவளைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. “எப்படித்தான் மனசு வருதோ” என்பது என் நிரந்தர வசனம். ஒரு நாள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எதிரில் உட்கார்ந்திருந்த அப்ரைசர், நகைக்குத் தங்கம் உரசிப் பார்ப்பவர், தயிர் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல், “அந்தப் பொண்ணையே கேட்டுப் பாருங்களேன், சொல்லிக் கொடுக்கும்” என்றார். அவர் கிண்டல்தான் செய்தார். உரைகல்லோடு வாழ்கிற மனிதர், சரியான இடத்தில் உரசிவிட்டார். எப்படி மனசு வருகிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, மகளின் பள்ளி ஆண்டுவிழா, அம்மாவின் கண் ஆபரேஷன் அன்று என்று நான் விட்டுக்கொடுத்த நாட்களின் பட்டியல் என்னிடம் இருந்தது. அந்தப் பட்டியலுக்கான எரிச்சலை, பட்டியலே இல்லாத ஒருத்தியின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பொறாமை என்று எழுதுவதற்குக் கை வரவில்லை, கோபம் என்றால் கௌரவமாக இருக்கிறது. ஆனால் அது பொறாமைதான். இதைக் கண்டுபிடித்ததில் லாபம் உண்டு. அவள்மேல் எனக்கிருந்த கோபத்தைவிட இது உபயோகமான சரக்கு. எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. அவளிடம் கேட்கவும் செய்தேன். “காரணம் சொன்னா அதை அவர் சரி பண்ணப் பார்ப்பார் அக்கா. சொல்லாட்டி என்ன பண்ணுவார்?” என்றாள். அடுத்த கேம்ப்புக்கு நானும் முடியாது என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காரணமும் சேர்த்துத்தான் சொன்னேன். இன்னும் பயிற்சி போதவில்லை.

என் மகள் சமூகப்பணி முதுகலை படித்தபோது அவளுடைய குறிப்புகளில் ஒரு பெயரைப் பார்த்தேன். ஆர்லி ஹாக்ஸ்சைல்ட், அமெரிக்கச் சமூகவியலாளர். 1983இல் வெளிவந்த ஆய்வு. விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு கூட்டத்துக்குச் சம்பளம் சிரிப்பதற்கு, இன்னொரு கூட்டத்துக்குச் சம்பளம் முறைப்பதற்கு. இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர். எங்கள் வங்கியில் இரண்டு வேலையும் ஒரே ஆளுக்குத்தான். காலையில் கவுன்டரில் சிரித்துவிட்டு மத்தியானம் வசூலுக்கு ஊர்களுக்குள் போவோம், அங்கே முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது ஒன்று: உணர்ச்சி என்பது நமக்குச் சேதி கொண்டுவருகிறது, சம்பளத்துக்காக அதைத் திருத்தித் திருத்திப் பழகினால் சேதி நமக்கே எட்டாமல் போகும். பாட்டியிடம் கத்தியதற்கும் வியாபாரியிடம் குழைந்ததற்கும் இதில் பாதி விளக்கம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நான்தான் பொறுப்பு.

இதெல்லாம் படித்துவிட்டு, யார்மேல் கோபம் வந்தாலும் குற்றம் நம்மிடம்தான் என்று சொல்கிறேன் என யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாடத்தை நடத்த எங்களுக்கு ஒரு பயிற்சியாளரையே சென்னையிலிருந்து அனுப்பினார்கள். மன அழுத்தம் பற்றி ஒரு நாள் வகுப்பு. “அடுத்தவரை ஒரு விரலால் சுட்டும்போது மூன்று விரல்கள் நம்மையே காட்டுகின்றன” என்றார். எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டோம். கட்டைவிரல் யாரைக் காட்டுகிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அந்த வகுப்பில் எனக்கு முன்வரிசையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மேனேஜரும் அதே அறையில் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த மேனேஜரின் கீழ் நானும் வேலை பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஏதோ காட்டுகிறேன் என்று நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். இரட்டை அர்த்தப் பேச்சு. அந்தப் பெண் புதிதாகச் சேர்ந்தவள், புரியாத மாதிரி இருந்துவிடப் பழகிக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் ஒரு நாள் சொன்ன வாக்கியம் என் காதில் விழுந்தபோது எனக்கு வந்த கோபம் வேறு ஜாதி. காது சுடவில்லை. உடம்பு அமைதியாக இருந்தது, கை நடுங்கவில்லை. இரவு வெங்காயம் நறுக்கும்போது நான் யாரோடும் வாதாடவில்லை. அதற்குப் பதில் அவளுக்குப் போன் செய்து பேசினேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும், நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டோம். அவள் எழுதினாள், நான் சாட்சி சொன்னேன். வட்டார அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அவர் மாற்றலாகிப் போனார். அது போதுமா என்றால் போதாது.

அந்தக் கோபத்தை உள்நோக்கிப் பார் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். அது எனக்குள்ளிருக்கும் எதையும் காட்டவில்லை, அந்த ஆளைத்தான் காட்டியது. பெண்களிடம் இந்த ‘உன்னை நீ பார்’ உபதேசம் ரொம்பச் சுலபமாக வந்து சேர்கிறது. மாமியார் பேசினால் உன்னைப் பார், மேனேஜர் பேசினால் உன்னைப் பார். பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் என்றில்லை.

அதிலிருந்து நானாக ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரவில் திரும்பத் திரும்ப ஓடி, ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிற கோபம் என்றால், அதில் என் பழைய பாக்கி ஏதோ இருக்கிறது. ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகிற கோபம் என்றால், அது எதிராளியைப் பற்றியது. ரொம்ப நாள் இந்த விதி நன்றாகத்தான் வேலை செய்தது.

போன மாதம் ஒரு பையன் அதைக் கெடுத்துவிட்டான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவனுடைய அம்மாவின் கணக்குக்குக் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாள விவரம், புதுப்பிக்க வேண்டும், ஆதாரில் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் வேறு மாதிரியும் இருந்தது. அதைச் சொல்லத் தொடங்கினேன். கத்தவில்லை அவன். போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நிறுத்தி, “சொல்லுங்க மேடம், இப்ப சொல்லுங்க” என்றான். எனக்கு வார்த்தை குழறியது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. விளக்கிச் சொல்லி, படிவமும் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கு இரவு முழுக்க அது ஓடியது. மறுநாளும் ஓடியது. விதிப்படி இதில் என் பாக்கி இருக்க வேண்டும், இருக்கவும் செய்கிறது. ஊரே பார்க்கும்படி நான் தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம். மறுபடியும் அந்த ஹெட் கேஷியர், அந்தச் சிரிப்பு. ஆனால் அவன் செய்ததும் சரியில்லை. கேட்காமல் ஒருவர் முகத்தைப் படம் பிடிப்பது சரியில்லை என்பதற்கு நான் என் மனசைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால் என் விதி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது என்று தெரிகிறது. அவனுடைய இடத்திலிருந்தும் யோசித்துப் பார்த்தேன். அம்மாவை இதற்கு முன்னால் நாலு தடவை அலைக்கழித்திருப்பார்கள். எங்களிடம் எழுத்தில் பதில் வாங்குவது லேசில்லை. போன் ஒன்றுதான் அவன் கையில் இருந்தது.

சரி, மேனேஜரிடம் சொல்லி, அனுமதி இல்லாமல் வீடியோ எடுக்கக் கூடாது என்று ஒரு அட்டை எழுதி ஒட்டலாமா என்று கேட்டேன். அட்டை எழுதுகிற வேலை எனக்கே வந்தது. தமிழ் படித்தவளாம். கூடவே, பெயர் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன், அதற்கு யாரும் சொல்லவில்லை.

படிவத்தோடு அவன் திரும்ப வர வேண்டும். வீட்டில் சொன்னபோது என் மகள், “நீயும் போனை எடுத்து அவனை வீடியோ எடும்மா” என்றாள். அந்த யோசனையை நான் இன்னும் தள்ளுபடி செய்யவில்லை.